மகாராணியின் கறுப்புத் திரை

"சர்வரோட ரூட் பாஸ்வேர்டு எனக்கு வேணும்" என்றாள் தீக்குச்சி.

சர்வரில் எதையும் திறக்கவும் அழிக்கவும் விடும் சாவி அது; கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தவற்றில் முதலிடம் அதற்குத்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் எச்சரித்திருந்தார். லீவு கேள், சம்பளம் எப்போது ஏறும் என்று கேள், அழுதுகூடக் கேள்; மகாராணியிடம் போய் அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கேட்டுவிடாதே, அந்தம்மா முதலாளிக்கே கொடுத்ததில்லை என்றார். வீட்டில் அம்மா அதை இன்னும் சுருக்கிச் சொன்னாள். வேலை நிரந்தரமாகிறவரை எதையுமே கேட்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு.

வாயை மூடிக்கொண்டிருப்பது தீக்குச்சிக்குக் கைவராத வித்தை. ஒல்லி உடம்பு, உரசினால் பற்றிக்கொள்ளும் குணம். சேர்ந்த வாரமே அச்சகத்தின் பிளேட் ரூமில் வைத்த பெயர் அது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்ததும் நேரே போய், கூப்பிடுவதென்றால் முகத்துக்கு நேராகக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மகாராணியும் பட்டப்பெயர்தான். ஆனால் அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் அந்த அச்சகத்தில் யாருக்கும் கிடையாது. தீக்குச்சியைவிட இரண்டே வயது மூத்தவள். அப்பா பேராசிரியர், அம்மா டாக்டர். சர்வர் அறையின் குளிருக்குத் தோளில் சால்வை, விரல்களில் நீளமாய் வளர்த்துக் கருஞ்சிவப்புப் பூசிய நகங்கள், பக்கத்தில் எப்போதும் துண்டு போட்ட ஆப்பிள். யாரையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவாள், ஆனால் அந்த மரியாதையில் ஒரு கை தூரம் இருக்கும். அவளை முதல் நாளிலிருந்தே தீக்குச்சிக்குப் பிடிக்காது. தீக்குச்சியின் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். அதை அண்ணன் கண்ணாடி போட்டு மாட்டியபோது, மழை ஒழுகாத சுவரைத் தேடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்த நகங்களைப் பார்க்கும்போதெல்லாம் தீக்குச்சிக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும்.

மகாராணி திரும்பவில்லை. "எதுக்கு?"

"லாக் பார்க்கணும். சர்வர் எழுதி வச்சிருக்கிற பதிவுல, அந்த லீஃப்லெட்டை யாரு மாத்தினதுன்னு பார்க்கணும். என் தலையில கட்டப் பார்க்கிறாங்க."

"பாஸ்வேர்டு தர முடியாது. உங்களை நம்பாம இல்லை. யாருக்கும் தர்றதில்லை." ஒரு துண்டு ஆப்பிளை வாயில் போட்டுக்கொண்டாள். "லாக் பார்க்கணும்னா அதைக் கேளுங்க. அதுக்கு எதுக்குப் பாஸ்வேர்டு? அந்த நாற்காலியை இழுத்துப் போடுங்க."

சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த சொற்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தீக்குச்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். அந்த அச்சகம் மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டியும், பெட்டிக்குள் மடித்து வைக்கும் லீஃப்லெட்டும் அடித்துக் கொடுக்கிறது. மாடியில் டிசைன் ரூம். அங்கே எல்லாம் ஆப்பிள் கம்ப்யூட்டர். கீழே ஆபீஸில் விண்டோஸ். பின்கட்டில் அச்சுத் தகடு, அதாவது பிளேட், போடும் இயந்திரத்தோடு இருப்பது லினக்ஸ். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாத மூன்று வீடுகள். நடுவில் சர்வரில் ஒரு பொது ஃபோல்டர். டிசைனர் அதில் கோப்பைப் போடுவார், ஆபீஸ் திறந்து சரிபார்க்கும், பிளேட்டுக்காரர் அதை எடுத்துப் பிளேட் போடுவார். மூன்று வீட்டுக்கும் அந்த ஃபோல்டர் தன் வீட்டு அலமாரி போலவே தெரியும்படி செய்திருந்தவள் மகாராணி. தீக்குச்சி அவளுக்கு உதவியாளர், தற்காலிகம்.

குழந்தைகளுக்கான ஒரு இருமல் மருந்து. எத்தனை வயதுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மருந்துக் கம்பெனி திருத்தியிருந்தது. டிசைன் ரூம் திருத்திய கோப்பை ஃபோல்டரில் போட்டது. ஆனால் அச்சாகி, மடித்து, கட்டுக்கட்டாகப் போனது திருத்தாத பழைய அளவு. கம்பெனியின் பரிசோதகர் முதல் கட்டைப் பிரித்ததுமே கண்டுபிடித்துவிட்டதால் ஒரு குழந்தையின் கைக்கும் போகவில்லை. மொத்தச் சரக்கும் திரும்பி வந்து வாசலில் கிடக்கிறது. இன்றைக்கு மதியம் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள்.

டிசைன் ரூம் நாங்கள் புதியதைத்தான் போட்டோம் என்றது. பிளேட்டுக்காரர் என் மெஷினில் இருந்ததைத்தான் எடுத்தேன் என்றார். இரண்டு பக்கமும் உரல் மாதிரி அசையாமல் நின்றதும் மேனேஜருக்கு நடுவில் நின்றவள் கண்ணில் பட்டாள். திருத்திய கோப்பு ஃபோல்டருக்கு வந்த அன்றைக்கு மதியம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை அந்த ஃபோல்டரோடு இணைத்தது யார்? தீக்குச்சி. பழக்கமில்லாத கை பட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஆபீஸ் நடுவில் நின்று சொன்னார். அந்தக் 'கை' அவளை எங்கே சுட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அவள் காலையிலேயே தன்னால் முடிந்ததைப் பார்த்துவிட்டிருந்தாள். ஃபோல்டரைச் சுட்டியால், அதாவது மவுஸால், திறந்தால் கோப்பின் பெயரும் ஒரு தேதியும்தான் தெரியும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, எஸ்எம்பி கிளையன்ட் என்ற நிரல் வழியாக ஃபோல்டருக்குள் போய், அந்தக் கோப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லு என்று கேட்டால், அது பூசி மெழுகாமல் சொல்லும். சொன்னது. கோப்பின் உள்ளே இருப்பது எழுதப்பட்டது பல மாதங்களுக்கு முன். ஆனால் அந்த இடத்துக்கு அது வந்து உட்கார்ந்தது அன்றைக்கு மதியம். அதாவது யாரோ பழைய கோப்பைக் கொண்டுவந்து புதியதன் தலைமேல் வைத்திருக்கிறார்கள். யார் என்பதற்குத்தான் பதில் இல்லை. ஏனென்றால் முழு அச்சகமும் ஒரே கணக்கில்தான் உள்ளே போகும். கணக்கின் பெயர் 'பிரஸ்'. ஆளுக்கொரு கணக்கு வைத்தால் மறந்துபோகும், வேலை நின்றுபோகும் என்று மேனேஜர் போட்ட விதி அது.

இதை அவள் சொல்லி முடிக்கும்வரை மகாராணி குறுக்கே பேசவில்லை.

"நல்லாப் பார்த்திருக்கீங்க" என்றாள். பாராட்டுகிற குரல் இல்லை. கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரல். "ஆனா முதல்ல உங்களைத்தான் பார்க்கப் போறேன். சம்மதமா?"

தீக்குச்சிக்கு முகம் சிவந்தது. "பாருங்க. எனக்கென்ன பயம்?"

மகாராணியின் மேஜையில் சுட்டி என்று ஒன்று இருந்தது. வாலைத் தன்மேலேயே சுற்றிக்கொண்டு ஒரு காகிதக் கட்டின் அடியில் கிடந்தது. திரை கறுப்பு. அதில் ஒரு வரி துடித்துக்கொண்டிருந்தது. நீள நகங்கள் விசைகளில் பட்டு, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்டது.

நேரே லாக்கைத் திறப்பாள் என்று தீக்குச்சி நினைத்திருந்தாள். திறக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மாடியிலிருக்கும் ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள் போனாள். அங்கிருந்து அந்த ஃபோல்டரை மவுன்ட் செய்து இணைத்துக்கொண்டு, கோப்பின் கைரேகையை எடுத்தாள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் ஒரு நீண்ட எண்ணைத்தான் அவர்கள் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். பிறகு ஆபீஸ் விண்டோஸுக்குள் போனாள். ஃபோல்டர் முகவரியில் போடும் சாய்கோடுகள் மறுபக்கம் சாய்ந்தன, கட்டளை வேறானது, கேட்ட கேள்வி மட்டும் அதேதான். பிறகு பிளேட் ரூம் லினக்ஸ். மூன்று வீட்டுக்குள்ளும் போய், அந்தந்த வீட்டுப் பேச்சில், உன் அலமாரியில் இருப்பது என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எங்கேயும் யோசிக்க நிற்கவில்லை. எங்கேயும் ஒன்றின் கட்டளையை மற்றொன்றிடம் சொல்லித் தடுமாறவில்லை. தீக்குச்சி இவை மூன்றையும் படித்தவள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாவது மாற்றி யோசிக்க வேண்டும் அவளுக்கு. மகாராணியோ வீட்டுக்கு வந்த மூன்று விருந்தாளிகளோடு மூன்று பாஷையில் ஒரே மூச்சில் பேசுகிறவளைப்போல் இருந்தாள்.

மூன்று எண்ணும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்றுக்கொன்று இம்மி மாறவில்லை.

"அப்போ பிளேட்டுக்காரர் மெஷின் பழசைக் காட்டி ஏமாத்தலை" என்றாள் தீக்குச்சி. "ஃபோல்டர்ல இருந்ததே பழசுதான்."

"ம்."

இனிமேலாவது லாக்கைத் திறப்பாள் என்று பார்த்தால், மகாராணி ஒவ்வொரு இயந்திரத்திடமும் இப்போது மணி என்ன என்று கேட்டாள். இது எதற்கு என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது தீக்குச்சிக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு அலைந்த 'அன்றைக்கு மதியம்' என்பதெல்லாம் கடிகாரம் சரியாக ஓடினால்தான் மதியம். அதை அவள் யோசித்திருக்கவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று கொஞ்சம் பின்தங்கி ஓடியது. மற்றவை சர்வரோடு ஒத்துப்போயின. அந்த வித்தியாசத்தை மகாராணி ஓரமாகக் குறித்துக்கொண்டாள்.

அதன் பிறகே லாக். முதலில் சொன்னபடியே தீக்குச்சி இணைத்த புதுக் கம்ப்யூட்டரைத் தேடினாள். அது உள்ளே வந்திருந்தது, பட்டியலைப் பார்த்திருந்தது, போயிருந்தது. எந்தக் கோப்பையும் தொடவில்லை.

"நீங்க இல்லை" என்றாள்.

அந்த இரண்டு சொல் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று தீக்குச்சி எதிர்பார்க்கவில்லை. அடுத்தவர்கள் 'நீ அப்படிச் செய்யமாட்டே' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள், அது தயவு. இது தயவு இல்லை. தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

லாக்கில் ஆளின் பெயர் எல்லா வரியிலும் 'பிரஸ்'தான். ஆனால் எந்த இயந்திரத்திலிருந்து என்று காட்டும் முகவரி எண் இருந்தது. பழைய கோப்பு வந்து விழுந்த வரியில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே தீக்குச்சிக்குத் தெரிந்துவிட்டது. எல்லாருடைய எண்ணும் அவளுக்கு மனப்பாடம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். "மேனேஜரோட லேப்டாப்!"

"உட்காருங்க. இன்னைக்கு அந்த நம்பர் அவரோடது. அன்னைக்கு யாரோடது? லேப்டாப் நம்பர் மாறிக்கிட்டே இருக்கும்ல."

தீக்குச்சிக்கு அன்று இரண்டாவது முறையாகச் சுருக்கென்றது. அவள் மேல் பழி போட்ட ஆள் அகப்பட்டுவிட்டான் என்று அவள் துள்ளிக்கொண்டிருக்க, மகாராணி அந்த ஆளுக்கும் அதே நிதானத்தைக் கொடுக்கிறாள். தீக்குச்சியைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள், கடைசிவரை தேடினாள், அவரையும் அப்படியே. திமிர் என்று தான் நினைத்திருந்தது திமிர்தானா என்ற கேள்வி தீக்குச்சிக்கு வந்தது. திமிர்தான். ஆனால் அது ஆளைப் பார்த்து வருகிற திமிர் இல்லை. சரியாகத் தெரியாததைச் சொல்லமாட்டேன் என்கிற திமிர். அப்படி ஒன்று தனக்கும் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருந்தது.

மகாராணி தேடிப் பார்த்ததில், அன்றைக்கும் அந்த எண் மேனேஜர் லேப்டாப்பினுடையதுதான். அந்த ஒரு கோப்பு மட்டுமில்லை. அதற்கு முன்னும் பின்னும் வரிசையாக, அதே ஃபோல்டரின் எல்லாக் கோப்புகளும் அதிலிருந்து வந்து விழுந்திருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. மேனேஜருக்கு சர்வர் மேல் நம்பிக்கை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பது என்றைக்கு வேண்டுமானாலும் ஓடிப்போகும் என்பார். அதனால் பொது ஃபோல்டரை அப்படியே தன் லேப்டாப்பில் எப்போதோ எடுத்த ஒரு நகல் வைத்திருந்தார். ஃபோல்டர் குப்பையாகக் கிடக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் தன் நகலை இழுத்து அதன்மேல் போடுவார். இருப்பதை மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ஒழுங்குபடுத்துவது.

கதவு திறந்தது. மேனேஜரே வந்து நின்றார். தீக்குச்சியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் இருந்தது அவருக்குப் படிக்கத் தெரியாது; ஆனால் இரண்டு பேரின் முகமும் படிக்கத் தெரிந்தது. மகாராணி சுற்றி வளைக்கவில்லை. என்ன கண்டோம் என்பதை வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள். அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றார். அது பொய்யில்லை என்று தீக்குச்சிக்கே தெரிந்தது. பிறகு குரலை இறக்கி, அந்த லாக்கில் அன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். மகாராணி அழிப்பதில்லை என்றாள். சரி, உங்களுக்குச் சங்கடம் வேண்டாம், ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நான் வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"தர முடியாது சார். உங்களை நம்பாம இல்லை. யாருக்கும் தர்றதில்லை."

கொஞ்சம் முன்பு தனக்குச் சொன்னாளே, அதே சொற்கள். அதே குரல், அதே மரியாதை, அதே கை தூரம். ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. தற்காலிக உதவியாளருக்கும் மேனேஜருக்கும் ஒரே அளவு. பாஸ்வேர்டு மறுக்கப்பட்டதில் பட்ட அவமானம் தீக்குச்சிக்கு அந்த நொடியில் பெருமையாக மாறியது. இப்படிப்பட்ட ஒருத்தி வாயிலிருந்துதான் 'முடியாது' என்று கேட்டிருக்கிறோம்.

மேனேஜர் போன பிறகு, மகாராணி ஆப்பிள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஆளுக்கொரு கணக்கு வைக்கணும்னு மூணு தடவை கேட்டேன். விடலை. இப்ப பாருங்க. லாக் இங்கதான் இருக்கும். யாரு கேட்டாலும் காட்டுவேன். நானா போய்க் காட்ட மாட்டேன், அது என் வேலை இல்லை. கேக்கணும்."

"யாரு கேக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது."

ஆப்பிள் புளித்தது. தீக்குச்சி முழுவதையும் தின்றாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மேனேஜர் தீக்குச்சியைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவளை உட்காரச் சொன்னார். அது முதல் தடவை. மகாராணியிடம் பலிக்காது என்று தெரிந்துகொண்டுவிட்டார். அவளை விரட்டினால் மூன்று வீடும் மறுநாளே மூன்று ஊமையாகிவிடும். ஆகவே பேச்சு இவளிடம் வந்தது. கம்பெனி ஆட்கள் கோபத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு ஆள், ஒரு மன்னிப்பு. புதுப் பெண், தெரியாமல் நடந்துவிட்டது என்றால் மனது இறங்கிவிடும். மேனேஜரே செய்தார் என்றால் ஆர்டரே போய்விடும். ஆர்டர் போனால் பிளேட்டுக்காரர் முதல் எல்லோர் வீட்டிலும் அடுப்பு அணையும். இவள் ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த வாரம் வேலை நிரந்தரம். யோசித்துவிட்டு வா என்றார்.

மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டுகிறவள்; சாப்பாட்டு இடைவேளையில் மட்டும்தான் போனை எடுக்க விடுவார்கள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. தீக்குச்சி நடந்ததைச் சொன்னாள். லாக் கீக் எதுவும் அம்மாவுக்குப் புரியவில்லை. வேலை நிரந்தரம் என்பது புரிந்தது.

"மன்னிப்புதானேடி? கேட்டுட்டுப் போயேன். நான் சூப்பர்வைசர்கிட்ட தினம் கேக்கிறேன். நூல் அவன் இழுத்துக் கெடுத்து வச்சிருப்பான், மன்னிப்பு நான் கேப்பேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் தீக்குச்சியால் தாங்க முடியவில்லை. என்ன குறைந்துபோனது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குள் நுழையும் அம்மாவின் முகத்தில் அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தாள். சொல்லவில்லை. சாப்பிடு, நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்தாள். வைக்கும்போதே முடிவு செய்தாகிவிட்டது.

மேனேஜர் அறையில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் அவருக்கு வியர்த்திருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரே சொல்லிக்காட்டினார். நான்தான் தெரியாமல் பழைய ஃபைலைப் போட்டுவிட்டேன், இனி நடக்காது. அவ்வளவுதான். பாப்பா மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் இன்னும் நல்லது.

"மீட்டிங்குக்கு வர்றேன் சார்" என்றாள் தீக்குச்சி. "ஆனா அதைச் சொல்லமாட்டேன். 'இனி நடக்காது'ன்னு நான் எப்படிச் சொல்றது? உங்க லேப்டாப்புல அந்த நகல் இப்பவும் இருக்கு. நாளைக்கும் இழுத்துப் போடுவீங்க. அடுத்த தடவை அந்தப் பரிசோதகர் கட்டைப் பிரிக்காம விட்டா, குடிக்கப்போறது குழந்தைங்க."

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்மா. நீ உன் விஷயத்தைப் பாரு."

"அதைத்தான் பார்க்கிறேன். லாக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கன்னு கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லப்போறேன். கேட்டா சர்வர் ரூம் மேடம் காட்டுவாங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது அந்தப் பார்வையில். "வேலை போயிடும். தெரியுமில்லை?"

"தெரியும்."

"வீட்டுல என்ன சொல்லுவே?"

அம்மா இரண்டு நாள் பேசமாட்டாள். அண்ணன் கேலி செய்வான், பிறகு லாரி வேலைக்குப் போகும் முன் யாருக்கும் தெரியாமல் அவள் பக்கம் வந்து உட்காருவான். அது வீட்டு விஷயம், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. திரும்பி வந்த கட்டுகளைத் தாண்டி யாரோ கால் வைக்க இடம் தேடி நடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மேனேஜர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவள் பெயரைச் சொல்லி, உண்மையான பெயரைச் சொல்லி, கொஞ்சம் நில்லு என்றார். தீக்குச்சி கதவைத் திறந்துகொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.